பகையின் வயது: இந்திய–பாகிஸ்தான் கிரிக்கெட் சரித்திரம் குறித்து ஒரு விசாரணை

1. கேள்வி

இந்தியாவும் பாகிஸ்தானும் கிரிக்கெட் ஆடும்பொழுது மைதானத்தில் நடப்பது ஆட்டம் மாத்திரமன்று, 1947-ல் தேசம் இரண்டாகப் பிளவுண்டபோது தீராமல் நின்றுபோன வழக்கொன்று அங்கே மறுபடியும் விசாரணைக்கு வருகிறது என்னும் அபிப்பிராயம், பத்திரிகைகளாலும் தொலைக்காட்சியாலும் அரசியல் மேடைகளாலும் பன்முறை சொல்லப்பட்டு, இன்று ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்ட உண்மைபோல வழங்கி வருகிறது. இதன்படி பிரிவினை காரணம். பகை அதன் காரியம். கிரிக்கெட் அப்பகை வெளிப்படும் ஒரு வாயில். சொல்வதற்கு எளிதாகவும் கேட்பதற்குக் கம்பீரமாகவும் இருக்கிற இந்தக் காரண காரிய சம்பந்தம், இதுவரை நடந்த 59 டெஸ்டுகளின் கணக்குக்கும், அவற்றைக் கண்ட ஜனங்களின் நடத்தைக்கும், ஆட்டம் நடந்த ஆண்டுகளுக்கும் நடவாத ஆண்டுகளுக்கும் பொருந்தி வருகிறதா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விஷயத்தில் இதுவரை சொல்லப்பட்டவை பெரும்பாலும் மூன்று கட்சிகளில் அடங்கும். முதற்கட்சி ஜார்ஜ் ஆர்வெலின் வழி வந்தது. மாஸ்கோ டைனமோ கால்பந்துக் குழு 1945-ல் பிரிட்டனுக்கு வந்து சென்றதை ஒட்டி அவர் எழுதிய சிறு கட்டுரை, சர்வதேச விளையாட்டு நல்லெண்ணத்தை வளர்க்கும் என்ற நம்பிக்கையைக் கண்டித்து, அது துவேஷத்துக்கே எண்ணெய் வார்க்கிறது என்று வாதித்தது. 1996-ம் ஆண்டு உலகக் கோப்பையைப் பற்றி மைக் மார்க்யூசி எழுதிய நூலுக்குத் தலைப்புத் தந்ததும் அக்கட்டுரையே. இரண்டாவது கட்சி ராஜதந்திரிகளுடையது: 1987-ல் எல்லையில் படைகள் குவிந்திருந்த வேளையில் ஜியா உல் ஹக் ஜெய்ப்பூருக்கு ஆட்டம் பார்க்க வந்தார், 2011-ல் மொஹாலியில் மன்மோகன் சிங்கும் யூசுப் ரஸா கிலானியும் ஒருங்கே அமர்ந்திருந்தனர், ஆதலால் கிரிக்கெட் சமாதானத்தின் கருவி என்பது அவர்கள் சித்தாந்தம். மூன்றாவது கட்சி சரித்திரக்காரர்களுடையது. ராமச்சந்திர குஹா 2002-ல் வெளியிட்ட பெருநூல், ஹிந்துக்கள், முஸ்லிம்கள், பார்ஸிகள், ஐரோப்பியர் என்று மதவாரியாகவும் இனவாரியாகவும் அணிகள் பிரிந்து ஆடிய பம்பாய்ப் பந்தயங்களிலே இவ்விஷயத்தின் பூர்வ கதையைக் காட்டுகிறது. 1940-ல் காந்தியடிகளின் கண்டனத்துக்கு உள்ளான அந்தப் பந்தயம் 1946-ல்தான் நிறுத்தப்பட்டது.

ஒன்றுக்கொன்று முரண்பட்டவைபோலத் தோன்றினும், முதலிரண்டு கட்சிகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. பகை என்பது மைதானத்துக்கு வெளியே முன்னமே தயாராக இருக்கிறது. ஆட்டம் அதை மூட்டுகிறது அல்லது ஆற்றுகிறது என்பது இரண்டுக்கும் பொதுவான அஸ்திவாரம். நான் ஐயுறுவது அந்த அஸ்திவாரத்தையே. பகை பிரிவினைக் காயத்தின் விளைவாயின், காயம் பட்ட காலத்துக்கு அருகிலும், காயம் பட்ட இடத்துக்கு அருகிலும் அது மிகுந்திருக்க வேண்டும். காலமும் தூரமும் ஏற ஏறத் தணிய வேண்டும். சான்றுகள் இதற்கு நேர்மாறாக இருக்கின்றன.

2. பிரிந்தவர்களின் முதற் சந்திப்பு

1952 ஜூலையில் பாகிஸ்தான் இம்பீரியல் கிரிக்கெட் மகாநாட்டின் அங்கத்தினராயிற்று. அக்டோபரிலேயே அதன் முதல் டெஸ்ட் டில்லி பெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் தொடங்கியது. பிரிவினை நடந்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. டில்லியின் புறநகர்களில் அகதிகள் குடியேற்றங்கள் இன்னும் முற்றாக நிலைபெறாத காலம் அது.

அந்த ஆட்டத்தில் எதிரெதிராக இறங்கியவர்கள் யாவர் என்று பார்த்தால், 'எதிரி' என்னும் சொல்லைப் பிரயோகிக்கவே கூச்சம் உண்டாகும். பாகிஸ்தானின் தலைவரான அப்துல் ஹபீஸ் கார்தார், 1946-ல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணியில் ஆடியவர். இந்தியத் தலைவரான லாலா அமர்நாத் இளமையில் கிரிக்கெட் பயின்றது லாகூரில். ஆமீர் இலாஹி 1947-ல் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் ஆடிவிட்டு, 1952-ல் பாகிஸ்தானுக்காக இந்தியாவை எதிர்த்து ஆடினார்; அதே தொடரில் இந்தியாவுக்காகக் களமிறங்கிய குல் முகமதுவோ, நான்கு ஆண்டுகளுக்குப் பின் பாகிஸ்தான் அணியில் இடம்பெற்றார். வேகப்பந்து வீச்சாளர் பஸல் மஹ்மூத், 1947–48-ல் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற இந்திய அணிக்குத் தேர்வு செய்யப்பட்டு, பிரிவினை நேர்ந்தமையால் செல்லாது நின்றவர். பின்னாளில் பாகிஸ்தான் ஆட்டத்தின் அடையாளமாகவே விளங்கிய ஹனீப் முகமது பிறந்தது கத்தியவாரில், ஜூனாகத்தில். ஒருவர் பந்தை மற்றவர் அறிந்திருந்தனர். ஒருவர் பாஷையை மற்றவர் பேசினர்.

டில்லியில் வினூ மன்கட் பதின்மூன்று விக்கெட்டுகளை வீழ்த்த, இந்தியா ஒரு இன்னிங்ஸும் 70 ஓட்டங்களும் வித்தியாசத்தில் வென்றது. ஒரே வாரத்தில், லக்னோவில் கோமதி நதிக்கரைப் பல்கலைக்கழக மைதானத்தில், சணல் விரிப்பின்மீது பஸல் மஹ்மூத் பன்னிரண்டு விக்கெட்டுகளைச் சாய்த்தார். தொடக்க ஆட்டக்காரர் நஸர் முகமது கடைசிவரை ஆட்டமிழக்காமல் 124 எடுத்தார். பாகிஸ்தான் ஒரு இன்னிங்ஸும் 43 ஓட்டங்களும் வித்தியாசத்தில் தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. பம்பாயில் இந்தியா மறுபடி வென்றது. சென்னையில் மழை குறுக்கிட்டது. கல்கத்தாவிலும் முடிவு கிட்டவில்லை. சுற்றுப்பயணத்தை எதிர்த்த குரல்கள் அன்றும் இருந்தன. ஆனால் ஐந்து ஊர்களிலும் ஆட்டம் ஆட்டமாகவே நடந்தேறியது.

இதைவிட விசேஷமான சான்று 1955-ம் ஆண்டு ஜனவரியில் லாகூரில் கிடைக்கிறது. இந்திய அணி முதன்முறையாகப் பாகிஸ்தானுக்குச் சென்றிருந்தபோது, லாகூர் டெஸ்டைப் பார்ப்பதற்காக எல்லை திறந்துவிடப்பட்டது. அமிர்தசரஸிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வாகா வழியே காலையில் சென்று மாலையில் திரும்பினர். எட்டு ஆண்டுகளுக்கு முன் பிணங்களைச் சுமந்த ரயில்கள் வந்து நின்ற இரு நகரங்கள் இவை. பஞ்சாபைக் காட்டிலும் பிரிவினையால் அதிகம் துன்புற்ற பிரதேசம் இந்தியாவின் மேற்கில் வேறில்லை. பகையானது காயத்தின் நேர் விளைவு என்றால், அந்த ஜனத்திரளுக்கு நடுவே மூண்டிருக்க வேண்டியது கலவரம். அங்கே நிகழ்ந்ததோ, பழைய அண்டை வீட்டாரைத் தேடிச் சென்று நலம் விசாரிக்கும் உபசாரம்.

3. தோல்வியை அஞ்சிய தலைவர்கள்

ஜனங்கள் இவ்வாறிருக்க, மைதானத்துக்குள் வேறொரு விநோதம் நடந்துகொண்டிருந்தது. டாக்கா, பஹாவல்பூர், லாகூர், பெஷாவர், கராச்சி என்று 1955-ல் ஐந்து டெஸ்டுகள், ஐந்தும் டிரா. 1960–61-ல் பம்பாய், கான்பூர், கல்கத்தா, சென்னை, டில்லி என்று மீண்டும் ஐந்து, அவையும் டிரா. 1952-ன் கடைசி இரண்டையும் சேர்த்தால் பன்னிரண்டு. 1978-ல் பைசலாபாத்தில் நடந்ததையும் கூட்டினால் தொடர்ந்து பதின்மூன்று ஆட்டங்களில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. கான்பூரில் ஜெயசிம்மா எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 99-ல் ஆட்டமிழந்தார். சென்னையில், அப்போது டெஸ்டுகள் நடந்துவந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், பாகிஸ்தான் எட்டு விக்கெட்டுக்கு 448 எடுக்க, இந்தியா சந்து போர்டேயின் 177-ஐக் கொண்டு ஒன்பது விக்கெட்டுக்கு 539 எடுத்து முடித்தது. ஐந்து நாட்களில் இரண்டு இன்னிங்ஸ்கூட முழுமையாக முடியவில்லை.

இதைக் கொண்டுதான் தேசப் பகையின் முதல் அத்தாட்சியைக் காட்டுவார்கள்: தோற்பதைச் சகிக்க முடியாத அளவு துவேஷம் இருந்ததனால் இரு தரப்பும் ஜெயிக்கத் துணியவில்லை என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை இரண்டு காரணங்களால் அப்படியே ஏற்பதற்கில்லை. ஒன்று, அக்காலத்து டெஸ்ட் கிரிக்கெட்டே உலகெங்கும் மந்தமாக இருந்தது. இந்தியாவின் தட்டையான ஆடுகளங்களில் இருபது விக்கெட்டுகளை வீழ்த்தக்கூடிய பந்து வீச்சு எவரிடமும் எளிதில் கிடைக்கவில்லை. மற்றொன்று, அச்சம் எவருடையது என்பதைப் பிரித்தறிய வேண்டும். தோல்வியால் பதவி இழக்கக்கூடியவர் தலைவர். மரத்தடியில் டிரான்ஸிஸ்டரைச் சுற்றி நின்றவர்க்கு இழப்பதற்கு எதுவும் இல்லை. பின்வந்த நிகழ்ச்சிகள் இதை மெய்ப்பிக்கின்றன. 1978-ல் பாகிஸ்தானில் தோற்றபின் பேடி இந்திய அணியின் தலைமையை இழந்தார். 1980-ல் இந்தியாவில் தோற்ற ஆஸிப் இக்பால் அத்தொடரோடு டெஸ்ட் வாழ்க்கையையே முடித்துக்கொண்டார். 1983-ல் இம்ரான் கான் ஆறு டெஸ்டுகளில் 40 விக்கெட்டுகளை எடுத்து 3–0 என்று வென்றதும் கவாஸ்கரின் தலைமை போயிற்று. நம் சென்னை ஸ்ரீகாந்த் 1989-ல் பாகிஸ்தானுக்குச் சென்று நான்கு டெஸ்டுகளையும் டிரா செய்து தோற்காமல் திரும்பி வந்தும் பதவியைக் காக்க இயலவில்லை என்பது தனிக்கதை.

59 டெஸ்டுகளும் மூன்று காலப்பகுதிகளில் திரண்டு நிற்கின்றன. 1952 முதல் 1961 வரை பதினைந்து. அவற்றில் பன்னிரண்டு டிரா. 1978 முதல் 1989 வரை இருபத்தொன்பது. இருபத்தொன்று டிரா, பாகிஸ்தான் ஆறு, இந்தியா இரண்டு. 1999 முதல் 2007 வரை மறுபடியும் பதினைந்து. அவற்றில் ஐந்து இந்தியாவுக்கு, ஐந்து பாகிஸ்தானுக்கு, ஐந்து டிரா. இந்த மூன்றாவது பகுதி எத்தகைய காலம்? இரு தேசங்களும் அணுகுண்டு வெடித்துப் பரீட்சித்தபின், கார்கில் யுத்தம் நடந்து, 2002-ல் எல்லையில் லட்சக்கணக்கான துருப்புகள் நின்ற காலம். டெஸ்ட் ஆட்டமே அக்காலத்தில் பொதுவாக விறுவிறுப்படைந்தது என்பதைக் கழித்துப் பார்த்தாலும், அரசாங்கங்களின் விரோதம் உச்சத்திலிருந்தபோது ஆட்டம் மிகத் தைரியமாக ஆடப்பட்டது என்பது எஞ்சி நிற்கிறது. டிராக்களின் எண்ணிக்கையைத் தேச விரோதத்தின் அளவுகோலாகக் கொள்வது இதனால் தகாது.

1961-க்கும் 1978-க்கும் இடையே இரண்டு யுத்தங்கள் நடந்தன. பதினேழு ஆண்டுகள் ஆட்டம் இல்லை. அந்த மௌன காலத்திலும் ஓர் அபூர்வக் காட்சி உண்டு. 1971 டிசம்பரில் யுத்தம் நடந்துகொண்டிருந்தபொழுது, ஆஸ்திரேலியாவில் உலக அணி ஒன்றில் கவாஸ்கர், பேடி, எஞ்ஜினியர் ஆகியோரும், இன்திகாப் ஆலம், ஜஹீர் அப்பாஸ், ஆஸிப் மஸூத் ஆகியோரும் ஒரே உடை மாற்றும் அறையிலிருந்து புறப்பட்டு ஒரே பக்கம் ஆடிக்கொண்டிருந்தனர்.

4. சந்தேகம் தந்த நன்மை

பகை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, கூர்ந்து பார்த்தால், நடுவர்களைப் பற்றிய சந்தேகம். 1978 நவம்பர் 3-ம் தேதி சாஹிவாலில், எட்டு விக்கெட்டுகள் கைவசமிருக்க 14 பந்துகளில் 23 ஓட்டங்களே வேண்டியிருந்த நிலையில், சர்ப்ராஸ் நவாஸின் பவுன்சர்கள் தலைக்குமேல் எட்டாத உயரத்தில் போய்க்கொண்டேயிருக்க, நடுவர் வாளாவிருந்தமையால் பேடி தம் ஆட்டக்காரர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பாகிஸ்தானுக்கே விட்டுக்கொடுத்தார். சர்வதேச ஆட்டம் ஒன்று அவ்வாறு விட்டுக்கொடுக்கப்பட்டது அதுவே முதன்முறை.

ஆனால் இந்தச் சந்தேகம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை விமர்சகர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. உள்ளூர் நடுவர்களால் வெற்றி பெற்றார் என்னும் பழி தமக்கு வேண்டாம் என்று இம்ரான் கான் வற்புறுத்த, 1986-ல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்டுக்கு நடுநிலை நடுவர்களாக அழைக்கப்பட்டவர்கள் இருவரும் இந்தியர்கள்: வி.கே. ராமஸ்வாமி, பிலூ ரிப்போர்ட்டர். 1989-ல் இந்திய அணி பாகிஸ்தானுக்குச் சென்றபோது இங்கிலாந்து நடுவர்கள் நின்றனர். பின்னர் உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட ஒரு நல்வழக்கம் இவ்விரு நாடுகளின் அவநம்பிக்கையிலிருந்து பிறந்தது.

இரு வாரியங்களும் கைகோத்து நின்ற சந்தர்ப்பங்களும் குறைவல்ல. உலகக் கோப்பையை இங்கிலாந்தை விட்டு வெளியே கொணர்ந்து 1987-ல் தாமே நடத்தியது அவர்களின் கூட்டு முயற்சி. 1996-ல் கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப்பின் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இலங்கைக்கு வர மறுத்தபோது, இந்தியரும் பாகிஸ்தானியரும் கலந்த ஒரே அணி அஸாருத்தீன் தலைமையில் கொழும்புக்குச் சென்று ஆடிக் காட்டியது. வாஸிம் அக்ரமும் டெண்டுல்கரும் அன்று ஒரே பக்கம் நின்றனர்.

5. விருந்தோம்பல் இல்லாத மைதானம்

நாம் இன்று அறிந்திருக்கும் அந்த உக்கிரம் எங்கே பிறந்தது? என் கருத்தில், லாகூரிலுமன்று, டில்லியிலுமன்று, ஷார்ஜாவில். அப்துல் ரஹ்மான் புகாதிர் என்ற வியாபாரி பாலைவனத்தின் ஓரத்தில் எழுப்பிய மைதானத்தில் 1984 முதல் சர்வதேச ஒரு நாள் ஆட்டங்கள் நடக்கலாயின. ஓய்வு பெற்ற ஆட்டக்காரர்களுக்கு நிதி அளிப்பது அப்பந்தயங்களின் பிரகடனப்படுத்தப்பட்ட நோக்கம். பயனடைந்தவர்களில் இரு நாட்டவரும் உண்டு. 1985 மார்ச்சில் இந்தியா அங்கே 125-க்குச் சுருண்டது. இம்ரான் 14 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகளை எடுத்திருந்தார். பதிலுக்கு ஆடிய பாகிஸ்தான் 87-க்குச் சுருண்டது.

1986 ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை. ஆஸ்திரல்–ஆசியக் கோப்பையின் இறுதி ஆட்டம். இந்தியா 245. பாகிஸ்தானுக்குக் கடைசிப் பந்தில் நான்கு ஓட்டங்கள் தேவை; கைவசம் ஒரே விக்கெட்; மட்டை பிடித்திருப்பவர் ஜாவேத் மியான்தாத்; பந்து வீசுபவர் இருபது வயதான சேதன் சர்மா. காலடியில் யார்க்கராக விழ வேண்டும் என்று எண்ணி அவர் வீசிய பந்து வழுக்கித் தாழ்ந்த ஃபுல் டாஸாக வர, மியான்தாத் அதை மிட்விக்கெட் திசையில் கூட்டத்துக்குள் தூக்கி அடித்தார். ஓடத் தொடங்கிய மட்டைக்காரர்கள் ஓட்டத்தை நிறுத்தாமல் மைதானத்தை விட்டே ஓடினார்கள். இந்தியாவில் அப்பொழுதுதான் பரவிக்கொண்டிருந்த தொலைக்காட்சியின் முன்னே கோடிக்கணக்கானவர்கள் அந்த ஒரு பந்தைக் கண்டார்கள். சேதன் சர்மா அடுத்த ஆண்டு உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தபோதிலும், அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றுவரை அந்தப் பந்திலிருந்தே தொடங்குகிறார்கள். ஷார்ஜாவில் இவ்விரு அணிகளும் ஆடிய 24 ஆட்டங்களில் பாகிஸ்தான் 18-ல் வென்றது. கனடாவின் டொராண்டோவிலும் 1996 முதல் 1998 வரை இதே சரக்கு விற்பனைக்கு வைக்கப்பட்டது.

ஷார்ஜாவுக்கும் அதற்கு முந்திய மைதானங்களுக்கும் உள்ள பேதங்களை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். முதலாவது, ஒரு நாள் ஆட்டத்தில் டிரா என்னும் அடைக்கலம் இல்லை. அன்று மாலைக்குள் ஒருவர் வென்றவர், ஒருவர் தோற்றவர். இரண்டாவது, தொலைக்காட்சி அத்தோல்வியைத் தெருத்தெருவாகக் கொண்டு சேர்த்தது. விளம்பரதாரர் அதற்கு விலை கொடுத்தார். விலை கொடுத்தவர்க்கு உக்கிரம் தேவைப்பட்டது. மூன்றாவது, நான் மிக முக்கியமாகக் கருதுவது: அந்த மைதானத்தில் எவரும் விருந்தாளி அல்லர். லாகூரில் இந்தியர் விருந்தினர். சென்னையில் பாகிஸ்தானியர் விருந்தினர். வீட்டுக்கு வந்தவனை அவமதிக்கலாகாது என்ற சம்பிரதாயம் சிந்து முதல் தாமிரபரணி வரை எல்லாருக்கும் பொது. மூன்றாம் தேசத்து மைதானத்தில் அந்தக் கடமை எவரையும் கட்டுப்படுத்துவதில்லை. அங்கே சரிபாதியாகப் பிரிந்து நிற்கும் கூட்டத்தில், வளைகுடாவில் கூலி வேலை செய்து வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு பெறும் மனிதன், தன் தேசத்தின் கொடியைத் தவிர அங்கே தனக்கென்று வேறொன்றும் இல்லாதவன், மறுநாள் அதே வேலைத்தளத்தில் பக்கத்தில் நிற்கப்போகிறவனைத் தோற்கடித்தாக வேண்டும்.

இதற்கு மாறான சான்றுகள் இல்லாமலில்லை. 1987-ல் ஆமதாபாத் டெஸ்டில் எல்லைக்கோட்டருகே நின்ற பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் கல்லெறிக்கு அஞ்சித் தலைக்கவசம் அணிந்து நிற்க நேர்ந்தது. 1991-ல் பம்பாய் வாங்கடே மைதானத்தின் ஆடுகளமும், 1999 ஜனவரியில் டில்லி கோட்லாவின் ஆடுகளமும் தோண்டிப் பாழாக்கப்பட்டன. ஆனால் இவை யாவும் ஷார்ஜா ஆட்டங்கள் தொடங்கிய பின்னரே நிகழ்ந்தவை என்பதையும், ஆடுகளங்களைத் தோண்டியது டிக்கெட் வாங்கிப் பார்க்க வந்த கூட்டமன்று, ஒரு கட்சியின் தொண்டர்கள் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

6. சேப்பாக்கமும் ஈடன் தோட்டமும்

டில்லி ஆடுகளம் பாழானமையால் அத்தொடரின் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. 1999 ஜனவரி 31, நான்காம் நாள். வெற்றிக்கு 271 வேண்டிய இந்தியா ஐந்து விக்கெட்டுக்கு 82 என்று தத்தளித்த நிலையில், டெண்டுல்கரும் மோங்கியாவும் 136 ஓட்டங்கள் சேர்த்தனர். முதுகு வலியால் ஒவ்வோர் அடிக்கும் பின் முகம் சுளித்து நின்ற டெண்டுல்கர் 136-ல் சக்லைன் முஷ்டாக்கைத் தூக்கி அடிக்க, பந்து உயர எழுந்து வாஸிம் அக்ரமின் கையில் விழுந்தது; அப்போது மொத்தம் 254, தேவை இன்னும் 17, மூன்று விக்கெட்டுகள் மீதம். நான்கே ஓட்டங்களில் அம்மூன்றும் போயின. பாகிஸ்தான் 12 ஓட்டங்களில் வென்றது. சிறிது நேரம் ஸ்தம்பித்திருந்த கூட்டம் பின்னர் எழுந்து நின்று கைதட்ட, வென்றவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றுக்கொண்டனர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1997 மே மாதம், இதே மைதானத்தில் ஸயீத் அன்வர் 194 எடுத்து அந்நாள்வரை எவரும் எட்டாத ஒரு நாள் சாதனையைப் படைத்தபோதும் சென்னை அவ்வாறே எழுந்து நின்றது.

மூன்று வாரங்கள் கழித்துக் கல்கத்தா. ஆசிய டெஸ்ட் பந்தயத்தில் டெண்டுல்கர், மூன்றாவது ஓட்டத்துக்குத் திரும்பும்போது ஷோயிப் அக்தர்மீது மோதி ரன் அவுட் ஆனார். ஈடன் தோட்டத்தில் பாட்டில்கள் பறந்தன. மறுநாள் ஜனங்களை வெளியேற்றிவிட்டு வெறும் மைதானத்தில் ஆட்டத்தை முடிக்க வேண்டியதாயிற்று. பாகிஸ்தான் 46 ஓட்டங்களில் வென்ற அதே பிப்ரவரி 20-ம் தேதி, பிரதமர் வாஜ்பாயி பஸ்ஸில் வாகா எல்லையைக் கடந்து லாகூருக்குப் போய்க்கொண்டிருந்தார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் கொண்டு, பிரிவினையை அறியாத தெற்குக்குப் பெருந்தன்மை சுலபம், அதை அனுபவித்த வங்காளத்துக்கு அது கடினம் என்றொரு வியாக்கியானம் சொல்லப்படுவதுண்டு. கேட்கும் தமிழருக்கு இதமாயிருப்பதனாலேயே அதை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். பிரிவினையின் நினைவே அளவாயின் 1955-ன் லாகூர் எவ்வாறு நிகழ்ந்தது? அன்றியும், ஈடன் தோட்டத்தின் கோபம் பாகிஸ்தானுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டதன்று. 1967-ன் புத்தாண்டு நாளில் மேற்கிந்தியத் தீவுகளுடன் ஆடியபோதும், 1996-ல் இலங்கையுடன் உலகக் கோப்பை அரையிறுதி ஆடியபோதும் அங்கே தீயும் கலவரமும் மூண்டன. கல்கத்தாவில் கூட்டத்தைக் கொதிக்க வைத்தது நேர்மை பற்றிய ஐயம். சென்னையில் அத்தகைய ஐயத்துக்கு இடமே எழவில்லை. சென்னையின் சௌஜன்யம் மெய்யானது. அதைத் தமிழ் இரத்தத்தின் தனிக்குணமாக்குவது வீண்பெருமை.

2004 அந்த வியாக்கியானத்தை முற்றாகவே தகர்க்கிறது. முல்தானில் சேவாக் 309 எடுத்து இந்தியாவின் முதல் முச்சதத்தை நிறுவினார். பாகிஸ்தான் மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும் அதுவே. ராவல்பிண்டியில் டிராவிட் 270 எடுக்கத் தொடர் இந்தியாவுக்கு 2–1 என்று வந்தது. விசா பெற்று ஆயிரக்கணக்கில் சென்ற இந்தியர்கள், லாகூர்க் கடைக்காரர்கள் பண்டத்துக்குக் காசு வாங்க மறுத்த செய்தியோடு திரும்பி வந்தனர். சொந்த மண்ணில், சொந்த அணி தோற்றுக்கொண்டிருக்கையில், கார்கில் நடந்து ஐந்தே ஆண்டுகளில் நிகழ்ந்தது இது.

7. இன்றைய நிலை

2008 நவம்பரில் மும்பையில் நிகழ்ந்த பயங்கரத்துக்குப்பின் அரசாங்கம் சுற்றுப்பயணத்தை நிறுத்தியதில் எவரும் குறை காண்பதற்கில்லை. அத்தருணத்தில் வேறு செய்திருக்கவும் இயலாது. 2012 டிசம்பரில் ஒரு சிறு தொடர் நடந்தது. அதன் ஓர் ஆட்டம் சேப்பாக்கத்தில், தோனி சதமடித்தும் பாகிஸ்தானே வென்றது. அதன்பின் இரு நாடுகளுக்கிடையே தனித் தொடர் இல்லை. எஞ்சியிருப்பவை உலகக் கோப்பைகளிலும் ஆசியக் கோப்பைகளிலும் வரும் ஒரு நாள், இருபது ஓவர் ஆட்டங்கள். பெரும்பாலும் அவையும் மூன்றாம் தேசத்து மைதானங்களில். அட்டவணை தயாரிப்பவர்கள் இவ்விரு அணிகளும் ஒரே பிரிவில் விழும்படி பார்த்துக்கொள்வது பகிரங்க இரகசியம். சந்திப்பது கூடாது என்ற கொள்கையும், சந்தித்தால் வரும் வருமானம் வேண்டும் என்ற ஆசையும் ஒருங்கே நிறைவேறும் ஏற்பாடு இது.

அதன் பலன் 2025 செப்டம்பரில் துபாயில் பிரத்தியட்சமாயிற்று. பஹல்காம் படுகொலையும் மே மாதத்து மோதலும் நிகழ்ந்த ஆண்டு. ஆசியக் கோப்பையில் மூன்று முறை ஆடிய இரு அணிகளும் கை குலுக்கிக்கொள்ளவில்லை. இறுதி ஆட்டத்தில் வென்ற இந்திய அணி, ஆசிய கிரிக்கெட் சங்கத் தலைவராகவும் பாகிஸ்தான் அமைச்சராகவும் இருந்தவரின் கையிலிருந்து கோப்பையை ஏற்க மறுத்தது. துக்கத்துக்கு மரியாதை செய்வது வேறு. ஆடிப் பணம் பெறுவது, கை மாத்திரம் கொடாதிருப்பது என்பது வேறு. ஆடாமலே இருந்திருந்தால் அதில் ஒரு கொள்கை இருந்திருக்கும். மைதானத்தில் நின்றிருந்தவர்கள் அனைவரும் பிரிவினை நடந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள். எதிரணியின் ஊரைக் கண்டவர்கள் அவர்களில் சிலரே. எதிரணியோடு ஒரே உள்ளூர்ப் பந்தயத்தில் ஆடியவர்கள் எவருமே இல்லை. கார்தாரும் அமர்நாத்தும் கை குலுக்கியது பழக்கத்தால். இவர்களுக்கு அந்தப் பழக்கம் ஏற்படச் சந்தர்ப்பமே அளிக்கப்படவில்லை.

ஆதலால் என் முடிபு இது: இன்று நாம் காணும் கிரிக்கெட் பகைக்கு வயது எண்பதல்ல, நாற்பது; அதை ஈன்றது பிரிவினையன்று, வீடும் விருந்தும் இல்லாத மைதானத்தில் நடந்த வியாபாரம்; அதை வளர்த்தது ஆட்டமன்று, ஆட்டம் நடவாத ஆண்டுகள். கடைசி டெஸ்ட் 2007 டிசம்பரில் பெங்களூரில் முடிந்தது. விராட் கோலி 123 டெஸ்டுகள் ஆடி 2025 மே மாதத்தில் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். சென்னையின் அஸ்வின் 106 டெஸ்டுகளில் 537 விக்கெட்டுகளை எடுத்து அதற்குச் சில மாதங்கள் முன்னரே விலகினார். இருவரும் பாகிஸ்தானை எதிர்த்து ஆடிய டெஸ்டுகளின் எண்ணிக்கை பூஜ்யம்.